பின்னால் வரும் லாரி

வியாழக்கிழமை கோலாலம்பூரில் தாதியர் பயிற்சிக்கு நேர்காணல். சாரதாம்பாளுக்கு அழைப்பு வந்துவிட்டது. துணைக்கு ஆள்தான் இல்லை. அப்பா ராஜரத்தினத்துக்குத் தண்ணீர் நிலையத்தில் லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் சேதுராமன் வர மறுத்துவிட்டார். “யார் புண்ணையோ கழுவுற வேல நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு?” என்றார்.

அவர்கள் குடும்பத்தில் கல்யாணமாகாத பெண் தனியாக வெளியூர் போனதில்லை. ராஜரத்தினம் அதை மாற்றக்கூடிய ஆளுமில்லை.

திங்கட்கிழமை காலை வானொலி ஒரு செய்தி சொன்னது. வாலண்டினா என்ற ரஷ்யப் பெண் விண்கலம் ஏறிப் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். பஞ்சாலையில் வேலை பார்த்தவள். விண்வெளிக்குப் போன முதல் பெண்.

“தனியாவா?” என்றார் அப்பா. வாய்க்குப் போன கோப்பி பாதியில் நின்றது.

“தனியாத்தாம்பா.”

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சேதுராமன் சிரித்தார். “முழுசாக் கேளு புள்ள. முதல்ல ஒரு ஆம்பளைய மேல அனுப்பிட்டுத்தான் இவள அனுப்பியிருக்கான். ரஷ்யாக்காரனே பொம்பளையத் தனியா விடல மச்சான். நீங்க விடப்போறீங்களா?”

“அவனும் அவளும் ஒரே கப்பலா?”

“இல்லலா, வேற கப்பல். பக்கத்துல சுத்துறான்.”

“வேற கப்பலா?”

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

மறுநாள் சாரதா பத்திரிகையில் படித்தாள். இரண்டு கலங்களும் ஒருமுறை சில மைல் தூரத்துக்கு நெருங்கிவந்தன. பிறகு விலகிவிட்டன. வாலண்டினாவுக்கு ஏதாவது நேர்ந்தால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. வானொலியில் பேசலாம், அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொல்ல நினைத்தாள். அவர் அப்போதுதான் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தினார். முகம் தெளிந்திருந்தது.

“மசாலாக் கடை ரஹீம் வியாழக்கிழம கோலாலம்பூருக்கு லாரி ஓட்டுறான். உன் பஸ்ஸுக்குப் பின்னாலயே வருவான். பேசிட்டேன். வேற வண்டின்னா என்ன, அங்கயும் அப்படித்தானே?”

சாரதா பத்திரிகையை மடித்து வைத்தாள்.

புதன்கிழமை வாலண்டினா பத்திரமாகத் தரையிறங்கினாள். மறுநாள் விடிந்ததும் பஸ் நிலையத்தில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “லாரி கண்ணுல படலன்னா எறங்கிடு. எந்த ஊரா இருந்தாலும் சரி.”

“சரிப்பா.”

சாரதா கடைசி இருக்கையில் உட்கார்ந்து பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனாள். லாரி வந்துகொண்டிருந்தது. அலோர் காஜாவில் ரஹீம் அண்ணன் ஹாரன் அடித்துச் சிரித்தார். ரெம்பாவ் தாண்டியதும் லாரியின் முகப்பிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. வண்டி ஓரம்கட்டி நின்றது. ரஹீம் அண்ணன் சாலையில் குதித்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் ஆட்டினார். நில் என்கிறாரா, போ என்கிறாரா, அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

பஸ் வளைவில் திரும்பியது. கண்ணாடியில் ரப்பர் மரங்கள் மட்டும் இருந்தன.

சாரதா எழுந்து மணிக்கயிற்றைப் பிடித்தாள். இறங்கினால் அப்பாவிடம் சொன்ன சொல் நிற்கும். நேர்காணல் அவளுக்காகக் காத்து நிற்காது.

பக்கத்திலிருந்த மலாய்க்கார அம்மாள் கூடையை நகர்த்தி வழிவிட்டாள். இறங்க வேண்டுமா என்று மலாயில் கேட்டாள்.

கயிறு பஸ்ஸோடு சேர்ந்து கைக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது.

“இல்லை,” என்றாள் சாரதா. “கோலாலம்பூர்.”

கயிற்றை விட்டுவிட்டு நடந்து போய், டிரைவருக்குப் பின்னாலிருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்தாள்.