பொதிச்சோற்று வரிசை

காய்ச்சல் நான்காம் நாளே இறங்கிவிட்டது. பதினொன்றாம் நாளாகியும் நாணப்பன் தாலுகா ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. அப்பாவின் பாதம் தரையில் படலாகாதென்று மகள் விலாசினி கட்டில் கம்பிகளை உயர்த்தியே வைத்திருந்தாள். அவர் ஆளடையாளம் தெரியாமல் பிதற்றியதை முதுமை என்று நம்பினாள். பார்க்க வந்த உறவுகள், "இப்படியொரு மகளா!" என்று மெச்சின. மஸ்கட்டிலிருந்த அண்ணனோ, வெள்ளிக்கிழமைக்குள் அப்பா நடக்காவிட்டால் முதியோர் இல்லம்தான் என்று முடிவே செய்திருந்தான்.

செவ்வாயன்று வார்டுக்குப் புதிதாய் வந்த நர்ஸ் ஏலியாம்மா, கம்பியைப் படாரென்று இறக்கி, அப்பாவைக் காட்டிக் கேட்டாள்.

"அச்சனோட கண்ணாடி எங்க? பல்செட் எங்க?"

"வீட்ல பத்திரமா இருக்கு சிஸ்டர். இங்க தொலைஞ்சிடுமேன்னு..."

"பல்லைப் பத்திரப்படுத்திட்டு ஆளைத் தொலைச்சிட்டீங்களே! நோய் எப்பவோ டிஸ்சார்ஜ் ஆகிப் போயாச்சு. இப்ப இவரைப் பிடிச்சு வச்சிருக்கிறது இந்தக் கட்டிலும் உங்க பாசமும்தான்."

விலாசினிக்குச் சுட்டது. ஆனால் அப்பாவின் கால்களைப் பார்த்தாள். ஐம்பது ஆண்டுகள் படகில் ஊன்றி நின்ற கால்கள், வாழைத்தண்டாய் வெளுத்திருந்தன. மாலைக்குள் கண்ணாடியும் பல்லும் வந்தன. கண்ணாடி ஏறியதும் ஆள் தெரிந்தது; பல் ஏறியதும் பேச்சு தெளிந்தது.

ஊர் இளைஞர்கள் வீடுவீடாய்த் திரட்டி, இலையில் கட்டிய பொதிச்சோற்றை நண்பகலில் ஆஸ்பத்திரி வாசலில் வழங்குவார்கள். அன்றுவரை அப்பாவுக்காக அந்த வரிசையில் நின்றவள் விலாசினி.

"இனி அவர் பொதியை அவரே வாங்கட்டும்," என்றாள் ஏலியாம்மா.

"விழுந்துட்டா?"

"விழுந்தா நான் பிடிப்பேன். படுத்தே கிடந்தா யார் பிடிப்பா?"

புதன்கிழமை சன்னல்வரை. வியாழக்கிழமை தாழ்வாரம்வரை. "பிடிக்காதே மோளே, நான் என்ன ஓட்டைப் படகா?" என்று நாணப்பன் மகளிடம் சீறினார். அந்தச் சீற்றத்தைக் கேட்க விலாசினி எத்தனை நாள் ஏங்கினாள்! ஏலியாம்மாவுக்கு மேடையில்லை, மாலையில்லை. அறுபது கட்டில்களுக்கிடையே ஓயாமல் ஓடும் இரண்டு கால்களே இருந்தன. அவற்றைக் கொண்டே பிறர் கால்களை மீட்டாள் அவள்!

வெள்ளிக்கிழமை நண்பகலில் டாக்டர் வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

"பேஷண்ட் எங்கம்மா?"

விலாசினி சன்னலைக் காட்டினாள். வெயிலில், வரிசையின் ஏழாவது ஆளாய், கைத்தடியூன்றி அப்பா நின்றார். ஓரடி பின்னால் ஏலியாம்மா. படகுத்துறையில் கூவிப் பழகிய குரல் வார்டுக்குள் வந்தது:

"ரெண்டு பொதி கொடு மோனே! ஒண்ணு என் மோளுக்கு. பதினாலு நாளா அவ ஒழுங்கா சாப்பிடல."

டாக்டர் பேனாவைத் திறந்தார். விலாசினி படுக்கை விரிப்பை மடிக்கத் தொடங்கினாள்.