வியர்க்கக் கூடாத விளக்கு

நீலம். நீலத்தின் நடுவே பொன் எழுத்து. திரி இல்லை, எண்ணெய் இல்லை. அடியில் ஒரு சின்ன பல்பு. எழுநூறு வருஷத்துக் கண்ணாடி விளக்கு, குளிர்ந்த அறையில், கூண்டுக்குள், மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

டமாஸ்கஸில் எவனோ கண்ணாடிக் குழம்பை ஊதிச் செய்தது. ஏதோ பள்ளிவாசலில் சங்கிலியில் தொங்கியது. இப்போது இந்த வளைகுடா நகரத்து மியூசியத்தில் இருக்கிறது. அதன் தரையைத் துடைக்கிறவன் காசிலிங்கம்.

பழைய கண்ணாடிக்கு ஈரம் ஆகாது. காற்றில் ஈரம் ஏறினால் வியர்க்கும். வியர்த்தால் பொன் உரியும். அதனால் கூண்டருகே ஒரு பெட்டி. ஈரம் ஏறினால் அலறும். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைச் சொல்லிவிட்டார்கள். மனுஷன் வியர்த்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

சேகு மொட்டைமாடியில் ஏசி குழாய்களுக்கு உறை சுற்றுகிறவன். கீழே குளிர, மேலே வேகிறவன். தொண்டிக்காரன், அரபி ஓதிப் படித்தவன். தண்ணீர் குடிக்க இறங்கும்போதெல்லாம் விளக்கை வாசித்துக் காட்டுவான்.

"கழுத்துல ஆண்டவன் வசனம். வயித்துல காசு குடுத்த அமீர் பேரு. ஊதுனவன் பேரத்தான் காணோம். அவனும் நம்ம கம்பெனிதான் மாப்ள."

ஆகஸ்ட். கடல் காற்று ஈரச் சாக்கு மாதிரி முகத்தில் ஒட்டும் மாதம். நிழலும் சுடும்.

அன்று மியூசியத்துக்கு விடுமுறை. மேலே வேலைக்கு விடுமுறை இல்லை. மத்தியானம் சேகு தண்ணீருக்கு இறங்கவில்லை. காசிலிங்கம் ஏறிப் போய்ப் பார்த்தான். சேகு குழாயோரம் கிடந்தான். உடம்பு அடுப்பு. தோலில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. கூப்பிட்டால் பேச்சில்லை.

செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கையில் இருப்பது வாக்கிடாக்கி. அதன் மறுமுனையில் சூப்பர்வைசர் தனராஜ், நம்ம ஊர்க்காரர். ஆம்புலன்ஸ் வந்தால் ஆயிரம் கேள்வி வரும், நிழலில் போடு, ஷிப்ட் முடியட்டும் என்றார்.

ஷிப்ட் முடியட்டும்.

காசிலிங்கம் அவனைத் தோளில் போட்டு இறங்கினான். விளக்கின் முன்னால், குளிர்ந்த தரையில் கிடத்தினான். துடைக்கிற வாளித் தண்ணீரை அவன் மேல் கவிழ்த்தான். பிறகு மாப்புத் துணியை நனைத்து, அந்தப் பெட்டியைச் சுற்றி இறுகக் கட்டினான்.

அலறியது.

வந்தார்கள். காவலர்கள் வந்தார்கள். விளக்கைப் பராமரிக்கிற வெள்ளைக் கோட்டுக்காரி வந்தாள். கூப்பிட்டால் வராத தனராஜும் ஓடி வந்தார். ஒருவர் விடாமல் சேகுவைத் தாண்டிக்கொண்டு கூண்டுக்குப் போனார்கள். விளக்கு நன்றாக இருந்தது. நீலமாக. பொன்னாக.

"வெளக்கு வெல தெரியுமாடா உனக்கு?" என்றார் தனராஜ்.

"தெரியும்ணே. அதுக்குன்னா வருவீங்கன்னும் தெரியும்."

துணியை அவிழ்க்கச் சொன்னார்கள். காசிலிங்கம் அவிழ்க்கவில்லை. பெட்டியை மறைத்து நின்றான். ஸ்ட்ரெச்சர் வரட்டும் என்றான். அலறல் காதைக் கிழித்தது. வெள்ளைக் கோட்டுக்காரிதான் முதலில் தரையைப் பார்த்தாள். அவள்தான் போனை எடுத்தாள். ஸ்ட்ரெச்சர் கண்ணில் பட்ட பிறகு, அவனே முடிச்சை அவிழ்த்தான்.

அங்கேயே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேகு கண் திறந்தான். நடந்ததை நர்ஸ் சொல்லியிருந்தாள் போல. உதடு வெடித்திருந்தது.

"வெளக்குக்கு ஒண்ணும் ஆகலயே மாப்ள?"

நேற்றெல்லாம் பல்லுக்குள் கடித்து வைத்திருந்த ஆத்திரம் அப்போதுதான் வெளியே வந்தது. "நீயுமாடா" என்று கை ஓங்கிவிட்டான் காசிலிங்கம். மருந்துக் குழாய் குறுக்கே தொங்கியது. அடிக்க வழியில்லை.

ஓங்கிய கை சேகுவின் கழுத்தில் மெல்ல இறங்கியது. கழுத்து வியர்த்திருந்தது.