பெரியம்மா மகன்

பிரவின் பிரான்ஸில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று அவனுடைய ரூம்மேட் செய்தி அனுப்பி ஒரு நாள் முழுசாக ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிறானா இல்லையா, அதைத்தான் சொல்ல ஆளில்லை.

மலாக்காவுக்குப் பக்கத்தில், குருபோங் வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவள் ஷாந்தினி ஒருத்திதான். ஹோட்டல் வேலைக்காக மலாக்கா டவுனில் மாலை வகுப்புக்குப் போனவள். முதல் மாதமே குடும்பப் பாடம். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று டீச்சர் கேட்க, "ஒரு அண்ணன், பெயர் பிரவின்" என்று பட்டென்று சொன்னாள். பெரியம்மா மகன் அண்ணன் இல்லாமல் வேறு யாராம்? மூன்று வயதில் தாயைப் பறிகொடுத்தவள், அன்றிலிருந்து அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவள்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரி லைன் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டாள். பக்கத்தில் பெரியம்மா மாரியம்மா.

"நான் அவர் தங்கை" என்றாள் பிரெஞ்சில்.

"உங்கள் அம்மா பெயர்?" என்றாள் நர்ஸ்.

"பாக்கியலட்சுமி."

தன்னைப் பெற்றவள் பெயரைச் சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாவி வாய்! பெரியம்மா பெயரைச் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

ஃபைலில் மாரியம்மா என்று இருக்கிறதே, அப்படியானால் நீங்கள் தங்கை இல்லை, பெற்றவர்களுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும்தான் சொல்ல முடியும் என்றாள் நர்ஸ். ஷாந்தினி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். எங்கள் வழக்கத்தில் அவன் அண்ணன்தான் என்று விளக்க அவள் படித்த பிரெஞ்சு போதவில்லை.

"என்னடி சொல்றா?"

"நீங்கதான் பேசணுமாம் பெரியம்மா."

"ஐயோ, மலாயே எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும்!"

"ஒரு வரிதான் லா. 'ஜு சுயி ஸா மேர்.' நான் அவன் அம்மான்னு அர்த்தம். அப்புறம் உங்க பேரு."

மாரியம்மா மூன்று தடவை முணுமுணுத்துப் பார்த்தாள். பிறகு போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பிசகாமல் சொன்னாள்.

நர்ஸின் குரல் உடனே தணிந்தது. "மதாம்... மதாம்" என்று நிறுத்தி நிறுத்திப் பேசினாள். மாரியம்மா ஒவ்வொன்றுக்கும் "வீ, வீ" என்று தலையாட்டினாள். ஆமாம் என்பதற்கு அந்த ஒரு சொல்லை மகன் எப்போதோ சொல்லிக்கொடுத்திருந்தான். ஷாந்தினிக்கு இரண்டாவது வாக்கியத்திலேயே விளங்கிவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு. எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற முடியவில்லையாம்.

"புரிகிறதா, மதாம்?"

"வீ" என்றாள் மாரியம்மா.

திரும்பியபோது அவள் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"எவ்வளவு தன்மையா பேசுறா பாரு! எங்கிட்டயே எல்லாத்தயும் சொல்லிட்டா. என் புள்ள எப்படி இருக்கானாம்? சொல்லுடி."