எதிர்வீட்டுக்கு மூன்று மணி நேரம்

முத்திரைக்காரரின் தன்வரலாறு வெளியான மறுநாளிலிருந்து, அவர் வீட்டு வாசலில் இறங்கி எதிர்வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் பிடித்தது. தெருவின் அகலம் பதினான்கு அடி, அதில் மாற்றமில்லை. அக்கம்பக்கத்தார் வழக்கம்போல நாலு எட்டில் தெருவைக் கடந்தார்கள், சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு குறுக்கே போயின. இந்த ஒரு வாசலுக்கும் அந்த ஒரு வாசலுக்கும் நடுவில் மட்டும் வழி நீண்டுவிட்டது. எதிர்வீடு தீப்பெட்டி அளவில் தெரிந்தது; வெயில் ஏறினால் லேசாக நடுங்கியது. பக்கத்து வீட்டு வழியாகச் சுற்றிப் போனாலும் அந்தக் கதவை நோக்கித் திரும்பிய கணத்தில் மூன்று மணி நேரமும் மொத்தமாக முன்னால் வந்து நின்றது. இதை முதலில் கண்டவர் முத்திரைக்காரரின் மனைவி. சுடச்சுட அவித்த கிழங்கை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு காலையில் எதிர்வீட்டு அக்காவைப் பார்க்கக் கிளம்பியவர், மதியச் சாப்பாட்டு வேளைக்குத்தான் போய்ச் சேர்ந்தார். கிழங்கு ஆறிப்போயிருந்தது. பாதியை வழியில் அவரே தின்றிருந்தார்.

அக்காளையும் தங்கையையும் அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்ட குடும்பம் அது. அண்ணன் எதிர்வீட்டு முன்னறையில் மளிகைக்கடை வைத்திருந்தார். தம்பிதான் முத்திரைக்காரர், எடையளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாய்ப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது அவர் வேலை. பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒருநாள் அண்ணன் கடைத் தராசையும் சோதித்தார். கிலோவுக்குப் பத்து கிராம் குறைந்தது. முத்திரை கொடுக்க மறுத்து, தராசு சரியாகும்வரை கடையை மூடவைத்தார். கடை மூன்றாம் நாள் திறந்தது. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. சகோதரிகள் இதைக் கண்டுகொள்ளவேயில்லை. துணி உலர்த்தும் சாக்கில் வாசலுக்கு வாசல் ஜாடையிலேயே ஊர்க்கதை பேசினார்கள், நாளுக்கு இரண்டு தடவை கிண்ணம் மாற்றிக்கொண்டார்கள்.

தன்வரலாற்றுக்குப் படம் வரைந்தவள் முத்திரைக்காரரின் மருமகள். புத்தகங்களுக்கு வரைபடம் போட்டுத் தருவதே அவள் தொழில். மாடியறையில் சாய்வு மேசை, கண்ணாடிக்கு அடியில் விளக்கு, தடவினால் கிழிந்துவிடும் மெல்லிய தாள். எழுதியவரை எதிரே உட்காரவைத்து, கண்ணை மூடிச் சொல்லச் சொல்லி, சொன்னபடியே வரைவாள். அவருக்குப் பெரிதாக நினைவிருக்கும் மரம் படத்தில் கோபுரம் உயரம் நிற்கும். மறந்துபோன தெரு இருக்காது. ஊரின் படம் வேண்டுமென்றால் நகராட்சியில் வாங்கிக்கொள்ளலாம், புத்தகத்துக்கு வேண்டியது ஆளின் படம் என்பாள். அதனால் அவள் படங்களில் திசைக்குறி இருக்கும், தூரத்தைக் காட்டும் அளவுகோல் இருக்காது.

மாமனாருக்கு அந்த வழக்கம் பிடிக்கவில்லை. சந்தைகள், ஆற்றுப்பாலம், அவர் சைக்கிளில் சுற்றிய வழிகள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். கடைசிப் படத்தில், தன் தெருவில், பிடிவாதம் பிடித்தார். அளவில்லாத படம் முத்திரையில்லாத படிக்கல்லுக்குச் சமம் என்றார். சரி, எதிர்வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். “நடந்தா மூணு மணி நேரம் ஆகும்மா” என்றார். அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்; சொன்னபடி வரைவதுதானே தொழில். மூன்று மணி நேரம் என்று அளவுகோல் போட்டாள். ஓய்வு பெற்ற நாளில் துறை அன்பளிப்பாகக் கொடுத்த பழைய முத்திரையை அவர் எடுத்துவந்து, அதன் கீழே ஓங்கிக் குத்தினார். பணிக்காலம் முழுக்க ஒரு பொய்யளவுக்கும் முத்திரை குத்தாத மனிதர் அவர். தெருவுக்கு வேறு வழி இருக்கவில்லை.

நகராட்சிப் பொறியாளர் ஒருவர் வந்து அளந்தார். டேப் தீர்ந்துபோனதால் திரும்பிப் போனார். தபால் நிலையம் எதிர்வீட்டை வெளியூர்க் கணக்கில் சேர்த்தது. பதிப்பாளர் மகிழ்ந்துபோனார், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்க்க ஆட்கள் வந்தார்கள். மாமியார் மட்டும் அந்த வாரத்தில் இரண்டு தடவை போய்வந்து, முழங்கால் வீங்கிப்போய் உட்கார்ந்துவிட்டார். தொலைபேசி இருந்தது, ஆனால் ஜாடையில் பேசிப் பழகியவர்களுக்கு அதில் என்ன பேசுவதென்று தெரியவில்லை, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு இருபக்கமும் தலையாட்டினார்கள். பிறகு ஒரு தொலைநோக்கியை வாங்கி வாசலில் வைத்தார்கள். அதில் அக்கா கையை அசைப்பது தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்பது தெரியவில்லை.

“எல்லா வீட்லயும் மருமக வந்தா வீட்டைத்தான் பிரிப்பா. நீ தெருவையே பிரிச்சிட்டியேடி” என்றார் மாமியார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், சாதாரணமாகச் சொன்னார்.

மருமகள் அன்றே, தூரம் பதினான்கு அடி என்று ஒரு பிழைதிருத்தச் சீட்டு அடித்து, வீட்டிலிருந்த புத்தகங்களிலெல்லாம் ஒட்டினாள். தெரு ஓரங்குலமும் சுருங்கவில்லை. சீட்டில் முத்திரை இல்லை. மாமனாரிடம் கொண்டுபோனாள்.

“பொய்க்கு முத்திரை குத்தச் சொல்றியாம்மா?”

“தெரு பதினாலு அடிதானே, மாமா?”

“தெரு பதினாலு அடி. அண்ணன் வீடு மூணு மணி நேரம்.”

“ரெண்டும் ஒரே இடத்துலதானே இருக்கு?”

“அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.”

கெஞ்சிப் பயனில்லை என்று கண்டதும் அவள் தொழில்பேச்சுக்கு மாறினாள். “இதை நீங்க சோதிக்கவே இல்லையே, மாமா. நினைப்புல சொன்னீங்க, குத்திட்டீங்க. சோதிக்காம குத்துற ஆய்வாளரை உங்க துறையில என்னன்னு சொல்வாங்க?” அவருக்கு முகம் செத்துவிட்டது. மறுநாள் காலையில் பழைய காலணிகளுக்குப் பாலீஷ் போட்டு, கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, குடையோடு வாசலில் நின்றார். மருமகள் தண்ணீர்ப் புட்டியோடு கூடவே கிளம்பினாள்.

வழியில் பார்க்க ஒன்றுமில்லை. வடிகால் மூடி ஒரு மைதானம்போல் வந்து போனது. எப்போதோ குழாய் பதித்து மூடிய தழும்பைக் கடக்கவே அரைமணி ஆனது. பக்கத்து வீட்டுக்காரி கூடையோடு குறுக்கே போனாள், “என்ன சார், வாக்கிங்கா?” என்றாள், கடைக்குப் போய்த் திரும்பி வந்து, “இன்னும் முடியலையா?” என்றாள். மாமனார் இரண்டு தடவை உட்கார்ந்தார். உட்கார இடமில்லாததால் தார்மேலேயே உட்கார்ந்தார். இரண்டாவது தடவை, திரும்பிவிடலாமா என்று அவர் கேட்பார் என அவள் எதிர்பார்த்தாள். அவர் கடிகாரத்தை மட்டும் பார்த்தார். எதிர்வீடு தீப்பெட்டியிலிருந்து டிரங்குப் பெட்டியாகி, பெட்டியிலிருந்து வீடானது. கடை வாசலில் அண்ணன் நின்றிருந்தார்.

“மூணு மணி ஏழு நிமிஷம்” என்றார் முத்திரைக்காரர், மூச்சு வாங்கியபடி. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அண்ணனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. “ஏழு நிமிஷம் பிசகுது.”

“உக்காந்து உக்காந்து வந்தியே, அதைக் கழிடா” என்றார் அண்ணன். “காலையிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். முதல்ல புள்ளியா இருந்தே. குடைய வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்.” உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். “பதினாலு அடி தாண்டி வந்திருந்தா மூஞ்சியில கதவைச் சாத்தியிருப்பேன். இவ்வளவு தூரம் நடந்து வந்தவனை என்னடா பண்றது?”

தம்பி தண்ணீரைக் குடித்தார். கடைத் தராசு பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டதை மருமகள் பார்த்தாள், அண்ணனும் பார்த்தார்.

அதன்பின் வாரம் ஒருநாள் தம்பி நடந்துபோனார். வாரம் ஒருநாள் அண்ணன் நடந்துவந்தார். இரண்டாம் பதிப்புக்குப் பதிப்பாளர் அவசரப்படுத்தினார். மருமகள் பதினான்கு அடி என்று புதிய அளவுகோல் போட்டாள். சகோதரர்கள் இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். இப்போது போனால் விருந்தாளி; பதினான்கு அடியானால் மறுபடி எதிர்வீட்டுக்காரன் என்றார் அண்ணன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மாமியார் இன்னும் தொலைநோக்கியோடு வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்.

மருமகள் ஒருநாள் முழுக்க மேசையில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, தான் செய்த தவறு எதுவென்று கண்டுகொண்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடந்தவர் ஒருவரல்ல. அவள் ஒருவரைத்தான் உட்காரவைத்துக் கேட்டிருந்தாள். மாமியாரை மாடிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, எதிரே உட்காரவைத்து, கண்ணை மூடச் சொன்னாள்.

“அக்கா வீடு எவ்வளவு தூரம், அத்தை?”

“அக்கா வீடு ஒரு தூரமாடி?” என்றார் மாமியார், கண்ணைத் திறக்காமல்.

வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு புள்ளிக்கோடு வரைந்து, ‘சகோதரிகளின் வழி, நாலு எட்டு’ என்று எழுதினாள். முத்திரைக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். தன் மனைவியிடம் அந்தத் தூரத்தைத் தான் கேட்டதேயில்லை என்று சொன்னார். அவள் நாளுக்கு இரண்டு தடவை நடந்ததைப் பத்தொன்பது வருடம் தானே வாசலிலிருந்து பார்த்ததால், புதிதாகச் சோதிக்கத் தேவையில்லை என்றும் சொன்னார். ஓங்கிக் குத்தினார். மிஞ்சிய இடத்தில், நீள வழியின் நடுவில், கிழவர்கள் உட்காரட்டும் என்று மருமகள் ஒரு பெஞ்சும் வரைந்தாள்.

இரண்டாம் பதிப்பு வந்த மறுநாள் பெஞ்ச் இருந்தது, பெயிண்ட் காயாமல். முத்திரைக்காரர் குடையோடு கிளம்பினார். மாமியார் கிண்ணத்தோடு அவரைத் தாண்டி நாலு எட்டில் போய்ச் சேர்ந்தார். கிழங்கில் ஆவி பறந்தது. பெஞ்சில் அண்ணன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முத்திரைக்காரர் பெஞ்சை எட்டியதும் கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், பெஞ்ச் நடுவில் இல்லை, அண்ணன் வீட்டுப் பக்கம் நாலு நிமிடம் தள்ளியிருக்கிறது என்றார். தண்ணீர்ப் புட்டியோடு வந்த மருமகள் அடுத்த பதிப்பில் தள்ளிப் போடுவதாகச் சொல்லிப் பேனாவை எடுத்தாள்.

“இருக்கட்டும்மா” என்றார் அவர், உட்கார்ந்தபடி.