ஏழாவது தட்டில் வைத்த கேம்

புளத்கொகுபிட்டிய பஜாரில் சாரிக்கடையில் வேலை பார்க்கும் ஜனார்த்தனனுக்கு அந்தக் கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகள் நிலுஷாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் அவன்தான், அவன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளை காது குத்திக்கொள்ள வேண்டும். எட்டு வயது வரைக்கும் அது தள்ளிப்போனதற்குக் கொரோனா, பெட்ரோல் கியூ என்று ஊருக்குச் சொன்ன காரணங்கள் எத்தனையோ. உண்மைக் காரணம் தங்கச்சி புருஷன் சுரேந்திரன்.

தெஹியோவிட்டப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் சுரேந்திரன் பெக்டரி சுப்பர்வைசர். பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று மாமன் சீரில் தட்டு குறைந்துவிட்டது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான், எட்டு வருசமாக ஜனார்த்தனனோடு பேச்சுவார்த்தை இல்லை. இந்தத் தடவையும் சீரில் ஒரு குறை வந்தால் தங்கச்சி வீட்டு வாசலையே மறந்துவிட வேண்டியதுதான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஆறு தட்டுக்குச் சாமான் சேர்த்துவிட்டான். ஏழாவதை நிலுஷாவே சொல்லிவிட்டாள். கத்தாரில் இருக்கும் சித்தப்பா தினேஷ் அனுப்பிய கேம் பெட்டி வீட்டில் இருக்கிறது. அதில் விளையாடப் புதிதாக வந்திருக்கும் கார் ரேஸ் வேண்டும், இல்லாவிட்டால் காதைக் காட்டமாட்டாளாம். சரியான வாயாடி!

அவிசாவளையில் கேம் கடை வைத்திருக்கும் பயாஸ், பெட்டியின் படத்தை போனில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். இந்த மாடலில் டிஸ்க் போடுகிற வாயே கிடையாது, இப்போது எல்லாம் இன்டர்நெட்டிலேயே இறங்குகிறது என்றான். காசைக் கொடுத்தால் ஒரு கோட் வரும், அதை அடித்தால் கேம் உங்களுக்கு.

"சரி அண்ணே, கோட போனுக்கே அனுப்பிடுறன்."

"போனுக்கு அனுப்பினா நான் தட்டுல எதத் தம்பி வைக்கிறது?"

பயாஸ் தலையைச் சொறிந்தான். இவ்வளவு பெரிய சாமானைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு சீர்த்தட்டைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை பாருங்கள். கடைசியில் பயாஸ் உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தான். மேலே பளபளவென்று சிவப்புக் கார். திறந்தால் டிஸ்க் இல்லை. பஸ் டிக்கெட் அளவில் ஒரு துண்டு, அதில் பன்னிரண்டு எழுத்து. வெறும் டப்பாவையும் காசு கொடுத்து வாங்கலாம் என்று ஜனார்த்தனன் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து கையில் வைத்துப் பார்த்தால் அப்பளம் கூட இதைவிடக் கனக்கும். சீர்த்தட்டைப் பெண்கள் தூக்கிப் பார்க்காமல் விடுவார்களா? தூக்கிப் பார்த்தால் மானம் போகாதா? இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். பிரிஸ்டல் போர்ட் அட்டை வாங்கி, அந்தப் பன்னிரண்டு எழுத்தையும் கொட்டை கொட்டையாக எழுதினான். நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம். டப்பாவோடு தட்டில் நிமிர்த்தி வைத்தால் கடைசி வரிசையில் இருப்பவனும் வாசிக்கலாம்.

ஞாயிறு காலை தப்பு முழங்க ஏழு தட்டும் தங்கச்சி வீட்டுப் பந்தலுக்குள் போயின. கோயில் கமிட்டித் தலைவர் தம்பையா மைக்கில் சீரை ஒவ்வொன்றாக வாசித்தார். சாரி, சட்டை, பழம், பலகாரம் எல்லாம் முடிந்து ஏழாவது தட்டுக்கு வந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு பன்னிரண்டு எழுத்தையும் மந்திரம் மாதிரி வாசித்தார். ஜனார்த்தனனுக்கு நெஞ்சு விம்மியது. பின்னாடி இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, இன்னொருக்கா வாசியுங்கள் என்றான். அவரும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். சுரேந்திரன் முகத்தை இறுக்கிக்கொண்டு, கத்தாரில் இருக்கும் தம்பிக்கு போனில் எல்லாவற்றையும் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

காதுகுத்து நல்லபடி முடிந்தது. மாமன் மடியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்து, இரண்டு காதையும் கொடுத்தாள் நிலுஷா. இறங்கியதுமே அப்பாவின் போனைப் பிடுங்கி, அதிலிருந்து பெட்டிக்கு இன்டர்நெட் கொடுத்து, கோட்டை அடித்தாள். பந்தல் ஓரத்தில் வைத்திருந்த டீவி நாலு பேர் முன்னால் சொன்னது, இந்தக் கோட் ஏற்கனவே பாவிக்கப்பட்டுவிட்டது என்று.

மறுபடி அடித்தாள். மறுபடியும் அதேதான்.

சுரேந்திரன் டப்பாவைத் தூக்கி, திறந்து, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். பெண்கள் கூட்டத்தில் குசுகுசு என்று பேச்சு. ஜனார்த்தனனுக்குக் கண் கலங்கிவிட்டது. பயாஸுக்கு போன் எடுத்தான், ரிங் போய்க்கொண்டே இருந்தது. இனி இந்த வாசலை மிதிக்க முடியாது, தங்கச்சி முகத்தைப் பார்க்க முடியாது என்று நினைத்தான்.

அந்த நேரம் பார்த்து நிலுஷா கையிலிருந்த போனில் ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. சித்தப்பா பேர் தெரிந்ததும் கேட்க அதை அமுக்கிவிட்டாள். தம்பையாவும் பழக்கதோசத்தில் மைக்கை அதற்கு நேரே நீட்டிவிட்டார்.

"அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே அந்தக் கோட போட்டுப் பாத்தேன். ஒரிஜினல்தான். ஆனா என் எக்கவுன்டுல ஏறிருச்சு. இனி எறங்காதாம்."

தோட்டம் முழுக்கக் கேட்டது. மாமன் சீர் கள்ளச்சாமானா என்று பார்க்கச் சொல்லி ஆள் வைத்தவர் யாரென்று இனி யாரும் விளக்கத் தேவையில்லை. தங்கச்சி பிரேமலதா புருஷனைப் பார்த்த பார்வையில் அவர் டப்பாவைக் கீழே வைத்தார்.

நிலுஷா அழவில்லை. சிவந்த காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "கேம் எறங்காது. நான் குத்தின காதயும் இனி ஒண்ணும் செய்ய ஏலாதுதானே? அப்ப நீங்களும் குத்திக்கங்கப்பா" என்றாள்.

பந்தலே சிரித்தது. காது குத்திவிட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டிருந்த ஆசாரியைப் போகவிடாமல் பிரேமலதா பாயைத் திரும்ப விரித்தாள். பெரிய ஆம்பிளைக்கு இதெல்லாம் எதற்கு என்று சுரேந்திரன் முனகிப் பார்த்தார். பிள்ளை கேட்டது நியாயம், ஆனால் முறை முறைதான், காது குத்த மாமன் மடி வேண்டும் என்று மைக்கிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார் தம்பையா. சுரேந்திரனின் தாய்மாமன் செத்துப் பத்து வருசம். அங்கே சீர் கொண்டுவந்த மாமன் ஒருத்தன்தான்.

ஜனார்த்தனன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எண்பது கிலோ மனிதர் மடியில் இறங்கியபோது தொடை நொறுங்கியது. ஆனால் எட்டு வருசக் கோபம் தீர இது போதும் என்றுதான் அவனுக்கு இருந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் சுரேந்திரன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அவன் கையைத் தேடிப் பிடித்தார்.

"மச்சான், கெட்டியாப் புடிச்சுக்கங்க."