அன்ரனிட்டா கதையாத காலத்துத் தேத்தண்ணி

அன்ரனிட்டா கதையாமல் இருந்த வருஷங்களில் அவள் வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணி இருந்தது. தீவுப் பக்கத்துச் சுருவில் ஊரில் அவள் வீடு இருந்த ஒழுங்கை முழுக்க உவர்க் கிணறுகள்தான். குளித்தால் தலைமயிர் கயிறாகும், சோப்பு நுரைக்காது, குடிக்கிறதுக்குச் சாட்டிப் பக்கமிருந்து தண்ணிப் பவுசர் வரும்வரை கான்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டும். கடலுக்குப் போகிற றெக்ஷனுக்கும் அவன் பெண்சாதி பிரேமினிக்கும் அவள் ஒரே பிள்ளை. இரண்டு வயது முடிந்தும் ஒரு சொல் வரவில்லை. ஒருநாள் அவள் கிணற்றுக் கட்டில் சாய்ந்து உள்ளே பார்த்தபடி பேசாமல் நின்றாள். அன்று பின்னேரம் அள்ளின தண்ணி இளநீர் மாதிரி இனித்தது. காய்ச்சலில் அவள் சொல் மாதிரி ஒன்றை முனகின அன்று மட்டும் உப்புக் கரித்தது. காரணம் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. குடத்தோடு வந்தார்கள்.

அடடா, அந்தத் தேத்தண்ணி! சந்தியில் கடை வைத்திருந்த மரியநாயகி அந்தத் தண்ணியில்தான் ஊற்றினா. ஊர்காவற்றுறை பஸ் அவ கடை வாசலில் நின்றுதான் போகும். கனடாவிலிருந்து வந்தவர்கள் போத்தலில் அடைத்துக்கொண்டு போனார்கள். பிள்ளை கதைத்துவிடக் கூடாதென்று ஒழுங்கையே கண்ணாலும் புருவத்தாலும் கதைக்கப் பழகிக்கொண்டது. நத்தாருக்குக் கரோல் பாடுகிற பொடியள் அந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள். அன்ரனிட்டா பிஸ்கற்றைப் பார்த்தால் பிஸ்கற் கைக்கு வரும், கதவைப் பார்த்தால் கதவு திறபடும். பிள்ளையில் பாசமில்லை என்று சொல்ல ஏலாது, ஆனால் பாசத்தோடு வந்த எல்லாருடைய கையிலும் ஒரு கான் இருந்தது. இப்படியே அவளுக்கு மூன்று வயதும் முடிந்தது.

பிரேமினி பிள்ளையை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். பேச்சுப் பயிற்சி குடுக்கிற மிஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னா: "நீங்கள் பிள்ளை கேக்க முதலே குடுக்கிறீங்கள். முகத்துக்கு நேரை இருங்கோ. ஒரு சொல்லைச் சொல்லுங்கோ. பிறகு பாத்துக்கொண்டிருங்கோ. அவளுக்கு நேரம் வேணும்." பிரேமினி கிணற்றடியில் குந்தியிருந்து, "வாளி" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அவள் காத்திருந்த நேரத்தில் முற்றத்து முருங்கை பூத்துக் காய்த்து, காயும் முற்றிவிட்டது. அதற்குப் பிறகு அன்ரனிட்டா "வாளி" என்றாள். சந்தியில் மரியநாயகி தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாசைக் கீழே வைத்தா.

பிறகு பால் வந்தது, பூனை வந்தது, நண்டு வந்தது. சொல்லுக்கு ஒரு சிட்டிகை உப்பு. அந்த வருஷம் மழையும் பொய்த்து, பவுசரும் கிழமைக்கணக்காக வரவில்லை. ஒழுங்கைச் சனத்தைக் கூட்டிக்கொண்டு மரியநாயகி வந்தா.

"பிரேமினி, மழை வாற மட்டும் பொறுமன். பிள்ளை எங்கை ஓடப் போறாள்?"

பிரேமினி அழுதுபோட்டாள். "அக்கா, நீங்கள் எல்லாரும் குடிக்கிறியள். நாளைக்குப் பள்ளிக்கூடத்திலை அவளுக்கு விடாய்ச்சால் தண்ணி எண்டு கேக்கத் தெரியாதே. என்னை இண்டுவரைக்கும் ஒருக்கா அம்மா எண்டு கூப்பிடேல்லை."

மரியநாயகி முகத்தை ஒரு முழம் நீட்டிக்கொண்டு போனா. இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் கடையில் தண்ணி முடிந்து கானோடு வந்தா.

நல்ல வெயில். பிரேமினி குசினிக்குள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மரியநாயகி அரைக் கான் நிரப்பின நேரம் அன்ரனிட்டா வந்து வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு காய்ந்திருந்தது. மரியநாயகியின் கை பழக்கத்தில் கிணற்றுக் கட்டில் இருந்த கோப்பையை நிரப்பிவிட்டது. சும்மா நீட்டினால் பிள்ளை வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடும், இருக்கிற இனிப்பாவது மிஞ்சும். அது அவவுக்கு நன்றாகத் தெரியும். கடையை நினைத்தா. பிறகு கோப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பிள்ளையின் முகத்துக்கு நேரே குந்தி, "தண்ணி" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தா.

அன்ரனிட்டா அவவைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள், குசினிப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா! தண்ணி!"

பிரேமினி செதில் ஒட்டின கையோடு ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். மரியநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சக் கானையும் நிரப்பினா. அந்தக் கானில் கீழ்ப்பாதி நல்ல தண்ணி, மேற்பாதி கடல் மாதிரி உப்பு. இரண்டும் கலக்கவில்லை. அன்று பின்னேரம் அவ மேற்பாதியில்தான் எங்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றினா. ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

கீழ்ப்பாதியைப் பிரேமினி வீட்டுக்குக் குடுத்தனுப்பினா. அது பிள்ளை குடிக்க.

இப்போது அன்ரனிட்டா பள்ளிக்கூடம் போகிறாள். பஸ்ஸில் அவள் வாய் ஓயாது, கொண்டக்டர் காதைப் பொத்துகிறார். எங்களுக்கு அந்தப் பழைய தேத்தண்ணியின் நினைப்பு வராமல் இல்லை. மழை இருட்டினால் நாக்கு தானாகத் தேடும். அப்படி ஒன்று இனிக் கிடையாது. வெளியூர் ஆட்கள் யாரும் சந்தியில் இறங்கி, ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தால், மரியநாயகி சீனிப் போத்தலை அவர்கள் பக்கம் தள்ளுவா.

"இஞ்ச ஒரு பிள்ளை கதைக்கத் தொடங்கீற்றாள் தம்பி, அதுதான்."

அவர்களும் "ஓம், ஓம்" என்று ஒரு கரண்டி கூடப் போட்டுக் குடித்துவிட்டுப் போவார்கள்.