காற்றுக் கோபுரப் பக்கம்

மாமனாரின் நாற்பதாம் நாள் துக்கம் முடிந்ததும் வீட்டைப் பிரிக்கும் பேச்சு எழுந்தது. ஈரானில், யாஸ்த் நகரின் பழைய மண் வீடு அது. நடு முற்றத்தில் தண்ணீர்த் தொட்டி, மாதுளை மரங்கள். தெற்குப் பக்க அறைகளில் வெயில் படாது. தலைக்கு மேலே காற்றை வாங்கி உள்ளே இறக்கும் கோபுரம் வேறு. எதிரே வடக்குப் பக்கம் வண்ணக் கண்ணாடி வைத்த அறைகள், பகலெல்லாம் வெயில் காயும். கோடையில் குடும்பம் மொத்தமும் தெற்கே, குளிரில் வடக்கே. பாத்திரமும் படுக்கையுமாக முற்றத்தைக் கடப்பது பல தலைமுறைப் பழக்கம். இனி ஆளுக்கொரு பக்கம், நடுவில் சுவர்.

மூத்த மருமகள் ஷம்சிக்குக் காற்றுக் கோபுரம் வேண்டும். அவள் கணவர் ஜலீலோ உபசார வார்த்தையிலேயே ஊரை எழுதிக் கொடுத்துவிடுகிறவர். அவள் தேநீர் கொண்டுவருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, தெக்குப் பக்கத்த நீயே எடுத்துக்க."

முதல் இரண்டு முறை மறுப்பது உள்ளூர் மரியாதை. மூன்றாம் முறை, வேறு வழியில்லாதவர்போல ஒப்புக்கொள்ளலாம். தம்பி நுஸ்ரத்துக்கு அது அத்துப்படி.

"ஐயோ, நான் உங்க காலடி மண்ணுண்ணே. அது உங்களுக்குத்தான்."

"சொன்னாக் கேளுடா, நீதான் எடுத்துக்கணும்."

"உயிரே போனாலும் எடுக்க மாட்டேன்!"

ஜலீல் மூன்றாம் முறைக்கு வாயைத் திறந்தார். ஷம்சி அதில் ஒரு பக்லவா இனிப்பைத் திணித்தாள்.

"உயிரே போனாலும்னு சொல்லிட்டாரு. கொழுந்தனார் உயிரோட விளையாடலாமா? சரி தம்பி, உங்க இஷ்டப்படியே நாங்க தெக்க இருந்துக்கறோம்."

நுஸ்ரத்தின் வாயும் திறந்தபடிதான் இருந்தது. அதற்கு யாரும் பக்லவா தரவில்லை.

அந்தக் கோடை முழுவதும் அவரும் மனைவி அக்தரும் வடக்கே வெந்தார்கள். வெயில் தாழட்டும் என்று கொத்தனார் சுவர் வேலையைத் தள்ளிப்போட்டார்.

குளிர் வந்தது. கோபுரம் பனிக்காற்றையும் அதே சிரத்தையோடு இறக்கியது. ஜலீலின் பற்கள் தந்தியடித்தன. எதிரே அக்தர் வெயிலில் கால் நீட்டி, முலாம்பழ விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, குளிருதா? இங்க வாங்களேன், இதுவும் உங்க வீடுதான!" என்று சிரித்தாள்.

"இதோ வந்துட்டோம்டி!" ஷம்சி உள்ளே திரும்பினாள். "ஏங்க, ரஜாய், போர்வை எல்லாத்தையும் தூக்குங்க!"

அவர்கள் வசந்தம் வரை அங்கேயே இருந்தார்கள். சுவர் வைக்க வந்த கொத்தனாருக்கு அக்தர் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மறு கோடையின் முதல் அனலில் நுஸ்ரத் தெற்கு வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வாங்க தம்பி..." என்று ஷம்சி தொடங்கியதுமே, கோபுரத்துக்கு நேர் கீழே தலையணையைப் போட்டுப் படுத்துவிட்டார்.

"என்ன, ஒரு பேச்சுக்குக்கூட வேணாம்னு சொல்லலியே?"

"சொன்னா நீங்க நம்பிடுவீங்க அண்ணி."